மணிக்கட்டும் மகா சமுத்திரமும்

முக்குளிப்புக் கடிகாரம் வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் முக்குளிப்பதில்லை. குளிக்கப் போகும்போது அதைக் கழற்றி அலமாரியில் பத்திரமாக வைத்துவிட்டுப் போகிறவர்களைக்கூட எனக்குத் தெரியும். இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. குதிரையே ஏறாதவர்கள் குதிரைச் சவாரிக் கால்சட்டை அணிந்து திரிந்த காலமும் உண்டு அல்லவா?

சென்ற மாதம் நண்பர் ஒருவரின் மகன் மூன்று படங்களை என் முன் பரப்பினான். "இது 39 மில்லிமீட்டர், இது 42, இது 45. எதை வாங்கலாம், மாமா?" என்றான். சட்டைக்கு அளவு கேட்பவன் போலக் கேட்டான். இந்த எண்கள் கடைக்காரர்கள் தாமாகக் கற்பித்தவை அல்ல, ஒவ்வொன்றுக்கும் ஒரு பிறந்த ஊரும் பிறந்த காரணமும் உண்டு என்று சொல்லத் தொடங்கினேன். ஐந்து நிமிஷத்தில் அவன் பொறுமை தீர்ந்துவிட்டது. வாசகர்களின் பொறுமை அவனுடையதைவிடப் பெரிது என்ற நம்பிக்கையில் மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

தண்ணீர் புகாத கடிகாரம் என்பது முதலில் ஒரு விளம்பர வித்தையாகத்தான் பெயர் பெற்றது. ரோலெக்ஸ் நிறுவனம் 1926-இல் 'ஆயிஸ்டர்' என்ற கடிகாரத்தைச் செய்தது. ஆயிஸ்டர் என்றால் சிப்பி. மறு வருஷம் அக்டோபரில் மெர்ஸிடிஸ் கிளைட்ஸ் என்ற ஆங்கிலப் பெண்மணி அதைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு ஆங்கிலக் கால்வாயில் நீந்தினாள். குளிர் தாங்காமல் பத்து மணி நேரத்துக்குப் பின் அவளைப் படகில் ஏற்ற வேண்டியதாயிற்று. கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. உடனே லண்டன் பத்திரிகை ஒன்றின் முதல் பக்கம் முழுவதும் விளம்பரம்! ஆனால் நீந்துவது வேறு, முக்குளிப்பது வேறு.

முக்குளிப்பதற்கென்றே பிறந்த கடிகாரங்களில் ஒன்று 47 மில்லிமீட்டர். அதன் ஊர் இத்தாலியில் ப்ளோரன்ஸ். அங்கே பனெராய் என்ற குடும்பம் கடிகாரக் கடை வைத்திருந்தது. இத்தாலியக் கடற்படைக்குக் கருவிகளும் செய்து கொடுத்தது. 1930-களின் பிற்பகுதியில் கடற்படைக்கு ஓர் ஆசை வந்தது: இரவில், கடலுக்கு அடியில், மனிதர்கள் மணி பார்க்க வேண்டும். ரோலெக்ஸிடமிருந்து கூடும் இயந்திரமும் வந்தன. அந்த இயந்திரம் சட்டைப்பைக் கடிகாரத்துக்கான அளவில் இருந்தது. 47 என்ற எண்ணுக்கு இது ஒரு காரணம். ரேடியம் கலந்த பூச்சு ஒளி விடுவதற்கு இலக்கங்கள் பருமனாக இருக்க வேண்டியிருந்தது இன்னொரு காரணம். வெறும் மணிக்கட்டில் கட்டுவதற்காக அது செய்யப்படவே இல்லை. ரப்பர் உடுப்பின் கைக்கு மேலே நீளமான தோல் வாரால் சுற்றிக் கட்டினார்கள்.

அந்தப் படைப் பிரிவினர் செய்த காரியம் ஒன்றைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. 1941 டிசம்பர் 18-ஆம் தேதி இரவு, 'ஸிரே' என்ற நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து ஆறு பேர் புறப்பட்டார்கள். மூன்று டார்பிடோக்கள், ஒவ்வொன்றின் மேலும் குதிரை ஏறினாற்போல் இருவர். தங்கள் வாகனத்துக்கு அவர்கள் வைத்த செல்லப் பெயர் 'பன்றி'. அலெக்ஸாந்திரியாத் துறைமுகத்தில் குயீன் எலிஸபெத், வேலியன்ட் என்ற இரு பெரிய பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் நின்றன. லூயிஜி துராந்த் தெ லா பென்னெ என்பவர் வேலியன்டுக்கு அடியில் வெடியை வைத்துவிட்டு மேலே வந்து பிடிபட்டார். எங்கே வைத்தாய் என்ற கேள்விக்கு அவர் வாய் திறக்கவில்லை. அவரையும் அவருடைய துணைவரையும் கப்பலின் அடித்தளத்திலேயே அடைத்துவிட்டார்கள். வெடிக்கச் சில நிமிஷங்களே இருந்தபோது கப்பல் தலைவர் சார்ல்ஸ் மார்கனுக்கு எச்சரிக்கை சொல்லி அனுப்பினார். இடத்தை மட்டும் அப்போதும் சொல்லவில்லை. பொழுது விடியும் நேரத்தில் வெடித்தது. இரண்டு கப்பல்களும் துறைமுகத்தின் தரையில் போய் உட்கார்ந்தன. உயிர் தப்பிய பென்னெக்கு 1945-இல் இத்தாலி வீரப் பதக்கம் அளித்தபோது, அதை அவர் மார்பில் குத்தியவர் அதே மார்கன்! நிமிஷக் கணக்கு என்றால் என்னவென்று அந்த அடித்தளத்தில் உட்கார்ந்திருந்த இருவருக்கும் தெரிந்திருக்கும்.

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்த நம்மவர்கள் கடிகாரம் கட்டிக்கொண்டு இறங்கவில்லை. அவர்களுடைய கடிகாரம் மார்புக்குள்ளே இருந்தது. மூச்சு முட்டினால் கயிற்றை அசைப்பார்கள். படகில் இருப்பவன் தூக்கிவிடுவான். 1943-இல் பிரான்சில் ழாக் கூஸ்தோவும் எமில் காஞானும் முதுகில் காற்றுக் குப்பியைச் சுமந்து மூச்சு விடும் கருவியைச் செய்தார்களே, அன்று அந்த மார்புக் கடிகாரம் நின்றுபோயிற்று. கீழே சுகமாக மூச்சு விடலாம். சுகமாக விட்டுக்கொண்டே இருக்கும்போது குப்பி காலியாகிவிடும். எத்தனை நிமிஷம் ஆயிற்று என்பது உயிர் போகிற விஷயமாயிற்று.

இந்த இடத்தில்தான் 42 வருகிறது. பிரான்சில் 1952-இல் ராபர்ட் மலுபியே, கிளாட் ரிஃபோ என்ற இரு அதிகாரிகள் கடற்படைக்காக முக்குளிப்பு வீரர் பிரிவு ஒன்றை அமைத்தார்கள். தங்களுக்கு வேண்டிய கடிகாரத்தை அவர்களே காகிதத்தில் வரைந்தார்கள்: கறுப்பு முகப்பு, பெரிய எண்கள், முக்கோணம், வட்டம், சதுரம் என்று ஒளி விடும் அடையாளங்கள், கண்ணாடியைச் சுற்றித் திருப்பக்கூடிய ஒரு வளையம். ஸ்விட்சர்லாந்தில் ப்ளாங்பான் கம்பெனியின் தலைவரான ழான்-ழாக் ஃபிஷ்டேர் அதே வேலையில் ஏற்கெனவே இறங்கியிருந்தார். அவரும் ஒரு முக்குளிப்பாளர். தென் பிரான்சுக் கடலில் காற்றுத் தீர்ந்து அவசரமாக மேலே வந்து பிழைத்தவர். பயந்தவன் செய்த கருவியில் ஒரு நேர்மை இருக்கும் என்பது என் அபிப்பிராயம். 1953-இல் வெளிவந்த அதற்கு 'ஃபிஃப்டி ஃபேதம்ஸ்' என்று பெயர். ஃபேதம் என்பது நம் கடற்கரையில் சொல்லும் பாகம்தான், இரண்டு கைகளையும் விரித்தால் எவ்வளவோ அவ்வளவு. ஐம்பது பாகம் ஏறக்குறைய 91 மீட்டர். அன்று மனிதன் போகக்கூடிய ஆழம் அவ்வளவுதான் என்று எண்ணினார்கள்.

அந்தச் சுழலும் வளையத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். இறங்கும்போது வளையத்தின் முக்கோணத்தை நிமிஷ முள்ளுக்கு நேராக வைத்துக்கொள்வார்கள். பிறகு முள் வளையத்தில் எங்கே நிற்கிறதோ அத்தனை நிமிஷம் கழிந்தது என்று அர்த்தம். வளையம் எதிலாவது இடித்து வலப்புறமாக நகர்ந்துவிட்டால்? இருபது நிமிஷம் ஆனது பத்தாகத் தெரியும்; மனிதன் கீழேயே இருந்துவிடுவான். ஃபிஷ்டேர் அழுத்தினால்தான் திரும்பும்படி வளையத்தைச் செய்தார். பின்னால் வந்த ஏற்பாடு இன்னும் எளியது: இடப்புறம் மட்டுமே திரும்பும். தவறு நேர்ந்தாலும் கழிந்த நேரம் அதிகமாகத்தான் காட்டும். ஆள் சீக்கிரம் மேலே வந்துவிடுவான். மனிதனுடைய தவறை ஒரே திசையில் மட்டும் அனுமதிக்கும் இந்த யுக்தியை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

ரோலெக்ஸ் அதே 1953-இல் தன் 'சப்மரினரை'ச் செய்து, மறு வருஷம் பாஸல் கண்காட்சியில் வைத்தது. அது 38 மில்லிமீட்டருக்குள் அடங்கியது. சிப்பாய்க்கென்று செய்யாமல், கரையேறிய பின்னும் கழற்ற மனம் வராதவனுக்கென்று செய்தது போல் இருந்தது. 1959-இல் சாவிக் குமிழின் இரு பக்கமும் காப்பாகத் தோள்கள் வைத்தார்கள். அளவும் 40 ஆயிற்று. 1962-இல் ஜேம்ஸ் பாண்ட் படத்தில் ஷான் கானரி ஒரு பழைய சப்மரினரைக் கட்டிக்கொண்டு வந்தார். அதன் பிறகு கோட்டுக் கைக்குள்ளும் அது புகுந்துவிட்டது. 1965-இல் ஜப்பானிய ஸீகோ செய்த முதல் முக்குளிப்புக் கடிகாரமும் 38-ஐ ஒட்டியதுதான். 1967-இல் டாக்ஸா கம்பெனி கலங்கல் நீரில் தெரிவதற்காக முகப்புக்கு ஆரஞ்சு வர்ணம் பூசியது. கல்யாணப் பந்தலில் அதைக் கட்டிக்கொண்டு நிற்க ஒரு தைரியம் வேண்டும்.

ஆழத்துக்கான பந்தயத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1960 ஜனவரி 23-ஆம் தேதி த்ரியெஸ்தெ என்ற கலம் பசிபிக் சமுத்திரத்தின் அடித்தளத்தைத் தொட்டபோது, அதன் வெளிப்புறத்தில் கட்டியிருந்த ஒரு ரோலெக்ஸும் 10,916 மீட்டர் இறங்கி, ஓடிக்கொண்டே திரும்பியது. அதன் கண்ணாடி அரை எலுமிச்சம்பழம் போல் உப்பியிருக்கும். 1967-இல் 'ஸீ-ட்வெல்லர்' கடிகாரத்தின் பக்கவாட்டில் ஒரு சிறு வால்வு வைத்தார்கள். நாட்கணக்கில் அழுத்த அறையில் தங்கி வேலை செய்கிறவர்களின் கடிகாரத்துக்குள் ஹீலியம் வாயு புகுந்து, அழுத்தம் குறையும்போது கண்ணாடியைப் பிடுங்கி எறிந்தது. அதை வெளியேற்றவே இந்த வால்வு. எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போகாதவர் இதற்காகத் தனியே பணம் கொடுக்கத் தேவையில்லை.

1980-களில் முக்குளிப்புக் கணிப்பொறிகள் வந்து, நிமிஷக் கணக்கையும் ஆழக் கணக்கையும் தாமே பார்த்துக்கொண்டன. கடிகாரத்தின் உத்தியோகம் போயிற்று, அந்தஸ்து வந்தது. பனெராய் 1993-இல்தான் பொதுமக்களுக்கு விற்கத் தொடங்கியது. நடிகர் ஸ்டாலோன் ரோமாபுரியில் படப்பிடிப்புக்குப் போன இடத்தில் அதைப் பார்த்து ஆசைப்பட்டார். பிறகு எல்லோருக்குமே பெரிய கடிகாரத்தில் மோகம் பிறந்தது. ப்ளாங்பான் 2007-இல் தன் பழைய 42-ஐ 45 ஆக்கியது. அலை மறுபடி திரும்பியது: 2018-இல் டியூடர் 39 மில்லிமீட்டரில் 1958-ஆம் வருஷத்து மாதிரியை நினைவூட்டும் ஒன்றைச் செய்தது, ஜனங்கள் வரிசையில் நின்றார்கள்.

அப்படியானால் எதை வாங்குவது? விட்டத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். வார் மாட்டுவதற்காகக் கூட்டின் மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருக்கும் காதுகளின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை அளக்க வேண்டும். மணிக்கட்டின் மேற்புறத்தில் தட்டையான பாகம் எவ்வளவு அகலமோ, அதற்குள் அது அடங்க வேண்டும். நம்மில் பலருக்கு அந்த அகலம் 50 மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். காது வெளியே தொங்கினால் கடிகாரம் இரவல் வாங்கியதுபோல் தோன்றும். 1975-இல் ஸீகோ 600 மீட்டர் ஆழத்துக்கென்று செய்த டைட்டேனியம் கடிகாரம் குறுக்கே 50 மில்லிமீட்டருக்கு மேல். ஆனால் அதன் காதுகள் மேலுறைக்கு அடியில் ஒடுங்கியிருப்பதால், எண்ணைக் கேட்டுப் பயந்தவர்கள் கட்டிப் பார்த்து ஆச்சரியப்படுவார்கள். அதற்கு மடிப்பு மடிப்பாக நீண்டு சுருங்கும் வார் ஒன்றும் கண்டுபிடித்தார்கள். ஆழத்தில் நீரின் அழுத்தத்தால் ரப்பர் உடுப்பு மெலிந்து, வார் தளர்ந்து, கடிகாரம் கையில் உருளுமாம்.

என்னைக் கேட்டால் 38 முதல் 40 வரை என்பேன். 1950-களில் கடலில் இறங்கியவர்களில் பலர் அந்த அளவிலேயே மணி பார்த்துப் பிழைத்து வந்தார்கள். எண்கள் பெரிதாகத் தெரிய முகப்பில் கூட்டம் குறைந்தால் போதும். கூடு பெருக்க வேண்டியதில்லை. பழைய கடிகாரத்தில் ஆசையுள்ளவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும்: 1960-க்கு முற்பட்டவற்றில் பெரும்பாலும் ரேடியம் இருக்கும். பூச்சின் ஒளி அணைந்திருக்கலாம். ரேடியம் பாதியாகக் குறையவே 1,600 வருஷம் ஆகும். கூட்டைத் திறந்து சுரண்டாமல் இருந்தால் நல்லது.

முக்குளிப்புக் கடிகாரத்துக்குச் சர்வதேச விதி ஒன்று உண்டு. 1982-இல் முதலில் வகுத்தார்கள். இருட்டில், 25 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து மணி தெரிய வேண்டும் என்பது அதில் ஒரு நிபந்தனை. விலை பேசுவதற்கு முன் கடைக்காரரிடம் விளக்கைக் கொஞ்சம் அணைக்கச் சொல்லி, ஒரு முழத்துக்கும் குறைவான தூரத்தில் கையை நீட்டிப் பாருங்கள். பிறகு ஈரக் கையால் வளையத்தை இடப்புறமாகத் திருப்பிப் பாருங்கள்.