ஃபர்லோ: கேட்டு வாங்கிய விடுப்பு, கேளாமல் வந்த விடுப்பு

கல்பாக்கத்தை அடுத்த சதுரங்கப்பட்டினத்துக் கடற்கரையில் டச்சுக்காரர்களின் செங்கல் கோட்டை இடிந்து நிற்கிறது. ஐரோப்பியர் வாயில் 'சட்ராஸ்' ஆன இந்த ஊரில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி பருத்தித் துணி வாங்கிக் கப்பலேற்றியது. அந்தக் கம்பெனிக்காரர்களின் மொழியில் விடுப்புக்குப் பெயர் 'வெர்லோஃப்'. நெதர்லாந்தில் இன்று பேறுகால விடுப்பையும் அந்தச் சொல்லை ஒட்டித்தான் சொல்கிறார்கள். மேலே இருப்பவர் தரும் அனுமதி என்பது அதன் அடிப்பொருள்.

டச்சுச் சொற்கள் சில நேராகவே தமிழில் குடியேறின. நாம் சொல்லும் துட்டு ஒரு டச்சுச் செப்புக்காசின் பெயர். யாழ்ப்பாணத்தார் அலுவலகத்தைக் குறித்த கந்தோரும் டச்சுதான். வெர்லோஃப் மட்டும் சுற்றுவழியில் வந்தது. 1620களில் ஆங்கிலத்தில் 'வொர்லோஃப்' என்று நுழைந்து, கடைசி ஒலியை உதிர்த்து 'ஃபர்லோ' ஆகி, ஆங்கிலேயரோடு இங்கே இறங்கியது. ஆங்கிலேயக் கம்பெனிப் படை அதிகாரிகள் தாய்நாடு போய்வர எடுத்த நீண்ட விடுப்பு ஃபர்லோ. பிறகு சிறைக்குள்ளும் போனது: 1959இன் பம்பாய் விதிகள் கைதியின் விடுப்பை இப்பெயரால் குறித்தன. தமிழ்நாட்டின் 1982 விதிகள் 'சாதாரண விடுப்பு' என்பதோடு நிறுத்திக்கொண்டன. அதிகாரியானாலும் கைதியானாலும், கேட்டவருக்குக் கொடுக்கப்பட்டதே ஃபர்லோ.

அமெரிக்காவில் அது தலைகீழானது. விமான நிறுவனம் தொழில் படுத்தால் விமானியைச் சம்பளமின்றி வீட்டுக்கு அனுப்புவதற்கு ஃபர்லோ என்று பெயர் விழுந்தது. கேட்காமலே வரும் இந்த விடுப்புக்கு அங்குள்ள விமானிகள் சங்கங்கள் ஒப்பந்தத்தால் வேலி போட்டன. கடைசியில் சேர்ந்தவரே முதலில் போகவேண்டும், திரும்ப அழைக்கும்போது மூத்தவருக்கே முதல் அழைப்பு, முன்னறிவிப்பு உண்டு. வரிசை எழுத்தில் இருப்பதால் யாரை அனுப்புவது என்பது நிர்வாகத்தின் விருப்பு வெறுப்பைப் பொறுத்ததில்லை. கொரோனா காலத்தில், 2020 அக்டோபர் 1 அன்று அமெரிக்கன் ஏர்லைன்ஸ் சுமார் 19,000 ஊழியர்களை அனுப்பியது. யுனைடெட் ஏர்லைன்ஸிலோ சுமார் 2,850 விமானிகள் போகவிருந்தார்கள். பறக்கும் நேரத்தை எல்லோரும் பகிர்ந்து குறைத்துக்கொள்ளச் சங்கம் ஒப்பியதால் அவர்கள் வேலையில் நீடித்தார்கள்.

விமானிக்கு வீட்டில் இருப்பது வெறும் சம்பள இழப்பு அல்ல. 90 நாட்களுக்குள் மூன்று முறையாவது விமானத்தை ஏற்றி இறக்கியிராதவர் பயணிகளோடு பறக்கமுடியாது. சிமுலேட்டர் தேர்வு, மருத்துவச் சான்று என்று ஒவ்வொன்றும் காலாவதியாகும். அதனால்தான் திரும்ப அழைக்கப்படும் உரிமையை நான் இழப்பீட்டுக்கும் மேலாக வைக்கிறேன்.

நம் நாட்டில் நடந்தது வேறு. 2020 ஜூலையில், அப்போது அரசு நிறுவனமாக இருந்த ஏர் இந்தியா, ஊழியர்களை ஆறு மாதமோ இரண்டு ஆண்டோ சம்பளமில்லா விடுப்பில் அனுப்பலாம், ஐந்து ஆண்டு வரை நீட்டலாம் என்று ஆணையிட்டது. விரும்பியவர் கேட்டுப் போகலாம். நிர்வாகமே பொறுக்கியும் அனுப்பலாம். பொறுக்குவதற்கு அளவுகோல் பணிமூப்பு அல்ல. தகுதி, திறமை, உடல்நிலை முதலியவை. விமானிகள் சங்கங்கள் எதிர்த்தது முற்றிலும் நியாயம்.

சட்டமும் துணைக்கு வருவதில்லை. 1947இன் தொழில் தகராறுகள் சட்டம் முதலாளி வேலை தரமுடியாத 'லே-ஆஃப்' நாட்களுக்கு அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதியைத் தரச் சொன்னது. ஆனால் தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் இவற்றுக்கு மட்டும். மறைமலைநகர்த் தொழிற்சாலைத் தொழிலாளி கேட்கக்கூடிய பாதிச் சம்பளத்தை மீனம்பாக்கத்து விமானி இதைக் காட்டிக் கேட்கமுடியாது. 2020இன் தொழில் உறவுச் சட்டத்தொகுப்பும் அந்த எல்லையை அப்படியே வைத்திருக்கிறது.

சட்டம் திருந்தும்வரை ஒப்பந்தம்தான் காப்பு. நம் விமானிகள் சங்கங்கள் அடுத்த முறை பேச்சுவார்த்தைக்கு உட்காரும்போது, சம்பள உயர்வுக்கு முன்னால் இரண்டு வரிகளை எழுதி வாங்கவேண்டும்: யார் முதலில் போவது, யார் முதலில் திரும்புவது.