நியூசிலாந்தின் பள்ளிப் பல் செவிலியரும் பிள்ளைகளின் அச்சமும்

முதல் உலகப்போரில் சேர முன்வந்த நியூசிலாந்து இளைஞர்களின் வாயைச் சோதித்தபோது தென்பட்ட சொத்தைப் பற்களும் பல்லிழந்த ஈறுகளுமே, பல்லைக் குழந்தைப் பருவத்திலேயே காப்பது அரசின் பொறுப்பு என்ற கருத்துக்கு அந்நாட்டில் வலுச்சேர்த்தன. படையின் பல் மருத்துவப் பிரிவுக்குத் தலைமை வகித்த தாமஸ் ஹன்டர், போருக்குப் பின் சுகாதாரத் துறையின் பல் நலப் பிரிவை ஏற்றுக்கொள்ள, 1921இல் வெலிங்டன் நகரில் இளம்பெண்களுக்கான இரண்டாண்டுப் பயிற்சி தொடங்கியது. பள்ளிப் பல் செவிலியர் எனப்பட்ட இவர்கள், மருத்துவர் அருகில் இல்லாமலே சொத்தையைக் குடைந்து அடைக்கவும் பால்பற்களைப் பிடுங்கவும் அனுமதி பெற்றிருந்தனர். பட்டம் பெறாதவர் கையில் குடைகருவியைக் கொடுப்பதா என்று மருத்துவர்களில் ஒரு சாரார் எதிர்த்தபோது, பிள்ளைகளைப் பழக்கப்படுத்தப் பெண்களே ஏற்றவர்கள் என்று மறுமொழி கூறப்பட்டது. குறைந்த ஊதியத்தில் வேலை நடக்கும் என்ற கணக்கும் அதற்குள் ஒளிந்திருந்தது என்பதை, 1974இல் அச்செவிலியர்கள் ஊதிய உயர்வு கேட்டு நாடாளுமன்றத்துக்கு ஊர்வலமாகச் சென்ற நிகழ்ச்சி காட்டிக்கொடுக்கிறது.

சிகிச்சையறை பள்ளி வளாகத்துக்குள்ளேயே ஒரு சிறு கட்டடமாக நின்றது. நாள்தோறும் அதைக் கடந்து விளையாடப் போகும் பிள்ளைக்கு அது அந்நிய இடமாகத் தோன்றாது, வெள்ளைச் சீருடைப் பெண்ணின் முகமும் பழகிவிடும், எனவே முதன்முறை நாற்காலியில் அமரும்போது தனியாகத் தேற்ற வேண்டியிராது என்பது திட்டத்தின் நியாயம். நடந்ததோ வேறு. சிகிச்சை முடிந்த பிள்ளை வகுப்புக்குத் திரும்பி அடுத்தவரின் பெயரைச் சொல்லும் வழக்கம் இருந்ததால், அச்செய்தியோடு கன்னத்தைப் பிடித்த கையும் கலங்கிய கண்ணும் வகுப்பறைக்குள் வந்து சேர்ந்தன. புதிதாகச் சேர்ந்த பிள்ளையை ஆயத்தப்படுத்தியவர்கள் செவிலியரோ தாயோ அல்லர், மூத்த மாணவர்களே. அவர்கள் அக்கட்டடத்துக்கு இட்ட பெயர் கொலைவீடு.

அந்தப் பெயரை வெறும் சிறுபிள்ளைக் குறும்பு என்று தள்ளிவிட முடியாது. தொடக்கக் காலக் குடைகருவி, தையல் இயந்திரத்தைப் போல் காலால் மிதித்துச் சுழற்றப்பட்டது. மெதுவாகச் சுழன்றதால் அதன் அதிர்வு தாடையெலும்பு வழியாகத் தலை முழுவதும் பரவியது, பல்லை அடைப்பதற்காக மரத்துப்போகும் ஊசி போடுவதும் பொதுவாக வழக்கத்தில் இல்லை. செவிலியர் தம் பங்குக்குப் பரிவு காட்டாமலில்லை: எச்சிலை உறிஞ்ச வாயில் வைக்கும் பஞ்சுச் சுருளை நூலால் கட்டி, வண்டாகவோ பட்டாம்பூச்சியாகவோ செய்து கொடுத்தனர், அடைப்புக்கான வெள்ளிக் கலவையில் சேரும் பாதரசத்தில் ஒரு துளியைத் தீப்பெட்டியில் இட்டு விளையாடத் தந்ததும் உண்டு என்பது இன்றைய வாசகரைத் திடுக்கிட வைக்கும். சுவரொட்டிகளில் பெர்ட்டி ஜெர்ம் என்னும் கிருமிப் பாத்திரம் பற்களைத் தாக்கக் காத்திருந்தது. ஆனால் வலிக்கும் என்று தெரிந்த இடத்தில் பொம்மை எவ்வளவு தூரம் உதவும்?

அச்சத்தைத் தணித்ததில் கருவிக்கும் ஊசிக்கும் உள்ள பங்கு, பரிசுப்பொருளின் பங்கைவிடப் பெரிது. டுனிடின் பல் மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த ஜான் வால்ஷ் 1949இல் காற்றால் சுழலும் குடைகருவி ஒன்றை உருவாக்கினார். அவ்வகைக் கருவி 1957க்குப் பின் அமெரிக்கத் தயாரிப்புகள் வழியே உலகெங்கும் பரவி, குடையும் நேரத்தைப் பெரிதும் குறைத்தது. 1959இல் அமெரிக்கப் பல் மருத்துவர் ஹரால்ட் அடெல்ஸ்டன் ஒரு பயிற்சிமுறையை எழுத்தில் வகுத்தார்: செய்யப்போவதைப் பிள்ளைக்குப் புரியும் சொற்களில் முதலில் சொல்வது, பின்பு கருவியை நகத்தின் மீதோ கையிலோ வைத்துக் காட்டுவது, சொன்னதில் சிறிதும் மாறாமல் அதன் பிறகே வாயில் செய்வது. இம்முறையின் உயிர்நாடி மூன்றாவது படியில்தான் உள்ளது. வலிக்காது என்று சொல்லிவிட்டு வலிக்கச் செய்தால் முதலிரண்டு படிகளும் பொய்யாகிவிடும்.

நியூசிலாந்தின் ஏற்பாடு இதற்கிடையே கடல் கடந்தது. 1949இல் பினாங்கிலும், கொழும்புத் திட்டத்தின் உதவியோடு 1950களில் இலங்கையின் மகரகமவிலும் பள்ளிப் பல் செவிலியருக்கான பயிற்சி தொடங்கியது. தாயகத்திலோ 2000க்குப் பின் பள்ளிச் சிகிச்சையறைகள் பல மூடப்பட்டு, ஊர்ப்பொது மையங்களும் நடமாடும் ஊர்திகளும் அவற்றின் இடத்தைப் பிடித்தன. மையங்களுக்குப் பிள்ளையைக் கூட்டிச்செல்லும் வேலை பெற்றோருக்கு வந்ததால், நாற்காலியில் என்ன நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்லும் பொறுப்பும் வகுப்பறையிலிருந்து வீட்டுக்கு மாறியது.