மலிவாய் வாங்குதல் மானக்கேடா?

 

வெள்ளிவிழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் மலரில் கல்வியின் பெருமையை எழுதுவோர் பலர் உளர். நாம் கடைவீதியைப் பற்றிச் சில சொல்ல விழைகிறோம். கல்விச் சங்கத்து மலரில் கடைவீதிக்கு என்ன வேலை என நீங்கள் வினவலாம். வேலை உண்டு. அதனை வரலாற்றைக் கொண்டே காட்ட முயல்வோம்.

நம் மாலை வகுப்புக்கு வரும் மாணவர் ஒருவர் தியாகராய நகர் அரங்கநாதன் தெருவில், நடைபாதையில், பேரம் பேசி ஒரு சட்டை வாங்கினார். நல்ல சட்டை. ஆயினும் அதனைப் பெரிய கடை ஒன்றின் பழைய பையில் போட்டுக்கொண்டுதான் கல்லூரி விடுதிக்குள் நுழைந்தார். எங்கே வாங்கினாய் என்று எவரேனும் கேட்டுவிடுவரோ என்னும் அச்சமே காரணம். அலுவலகம் ஒன்றில் பணிபுரியும் நம் பெண் ஒருவர் நியாயவிலைக் கடை அரிசியில் வடித்த சோற்றை எவர் கண்ணிலும் படாமல் தனியே அமர்ந்து உண்டு வருகிறார். இன்னொரு மாணவர் விலையுயர்ந்த கைப்பேசியை மாதத் தவணைக்கு வாங்கி, தவணை கட்டமுடியாமல் படிப்பையே இடையில் நிறுத்திவிட்டார். மூன்றாவது செய்தியே நம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. மலிவாய் வாங்குவது மானக்கேடு என்னும் எண்ணம் நம் பிள்ளைகளின் கல்வியையே விழுங்குமாயின், அவ்வெண்ணம் எங்கிருந்து வந்தது என ஆராய்வது நம் கடமையன்றோ?

வாங்கவே தடை இருந்த காலம்

இன்று மலிவானதை வாங்கினால் நகைக்கிறார்கள். நம் பாட்டன்மார் காலத்திலோ நல்லதை வாங்கினால் அடித்தார்கள். இது மிகைக் கூற்றன்று. 1930-ஆம் ஆண்டு டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்க்கு எட்டுத் தடைகளை விதித்தனர். பொன், வெள்ளி நகை அணியலாகாது. ஆடவர் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தலாகாது. சட்டை, பனியன் போடலாகாது. பெண்கள் மேலாடையும் இரவிக்கையும் அணியலாகாது, பூச்சூடலாகாது. வீட்டில் மண்பாண்டமன்றி வேறு பாத்திரம் புழங்கலாகாது. வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கலாகாது. காலுக்குச் செருப்புக் கூடாது. இத்தடைகளை மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. தானியக் குதிர்கள் அழிக்கப்பட்டன. ஆடுமாடுகள் கொள்ளை போயின. மறு ஆண்டு, 1931-இல், தடைகள் பதினொன்றாயின. அவற்றுள் ஒன்று, இவர்களின் பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கலாகாது என்பது. 1931-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் இவற்றையெல்லாம் பதிவு செய்துள்ளார்.

இப்பட்டியலை இளைஞர்கள் ஊன்றிப் படித்தல் வேண்டும். சட்டை, செருப்பு, குடை, பித்தளைக் குடம், இரவிக்கை, பூ ஆகிய அனைத்தும் கடையில் வாங்கும் பொருள்களே. பள்ளிக்கூடத் தடையும் கடைவீதித் தடையும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து நிற்கின்றன. கல்விக்கும் கடைவீதிக்கும் தொடர்பு என்ன என்ற வினாவுக்கு இதுவே முதல் விடையாகும்.

வடநாட்டிலும் இவ்வாறே நிகழ்ந்தது. 1936-இல் ஜெய்ப்பூர் சமஸ்தானத்தைச் சேர்ந்த சக்வாரா என்னும் ஊரில், தீண்டாதார் எனப்பட்ட ஒருவர் தம் விருந்தினர்க்கு நெய்யுடன் உணவு படைத்தார். நெய் உண்பது தங்கள் தகுதிக்கு மட்டுமே உரியது எனக் கருதிய சாதி இந்துக்கள் தடியுடன் வந்து விருந்தினரைத் தாக்கினர். அண்ணல் அம்பேத்கர் சாதியை ஒழிப்பது குறித்து அதே 1936-இல் வெளியிட்ட புகழ்பெற்ற உரையில் இந்நிகழ்ச்சியை எடுத்துக்காட்டினார். தம் சொந்தக் காசில் நெய் வாங்கியதே அம்மக்கள் செய்த குற்றம்!

இங்கு இன்னொரு செய்தியையும் இணைத்துப் பார்க்க வேண்டும். 1921 செப்டம்பரில் மதுரையில் காந்தியடிகள் தம் ஆடையைக் குறைத்து அரைவேட்டிக்கு மாறினார். உலகமே அவ்வெளிமையைப் போற்றியது. ஒன்பது ஆண்டுகளுக்குப்பின், மதுரைக்கு அண்மையிலுள்ள இராமநாதபுரத்தில், அதே அரைவேட்டியை நம்மவர்மீது தடியால் திணித்தார்கள். தாமே விரும்பி மேற்கொண்ட எளிமை துறவாயிற்று. பிறர் திணித்த எளிமை இழிவாயிற்று. ஆடை ஒன்றே. உடுத்தியவர்க்குத் தெரிந்துகொள்ளும் உரிமை இருந்ததா, இல்லையா என்பதே வேறுபாடு.

தியாகராய நகரின் பெயர்களில் உறையும் வரலாறு

இனி நம் நகருக்கு வருவோம். தியாகராய நகர் 1920-களில், நீதிக்கட்சி ஆட்சிக் காலத்தில், மாம்பலம் பகுதியில் உருவாக்கப்பட்டது. நீதிக்கட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராயரின் பெயரை அது தாங்கி நிற்கிறது. சென்னை மாநகராட்சியின் தலைவராக அவர் விளங்கிய 1920-ஆம் ஆண்டில்தான், ஆயிரம் விளக்குப் பகுதியின் மாநகராட்சிப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி வழங்கத் தீர்மானிக்கப்பட்டது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படாத செலவு. அந்த ஓரணாச் சிற்றுண்டிதான் பின்னர் காமராசர் காலத்து மதிய உணவுக்கும், அதன்பின் வந்த சத்துணவுக்கும் முன்னோடி. மலிவான உணவை உண்டு படித்தவர்கள் என்பதற்காக அப்பள்ளிப் பிள்ளைகளை எவரும் இன்று இகழ்வதில்லை.

பாண்டி பசார் என மக்கள் வழங்கும் கடைவீதிக்குச் சௌந்தரபாண்டியனார் அங்காடி என்பது பெயர். இராமநாதபுரம் மாவட்டக் கழகத்தின் தலைவராக இருந்தபோது, ஆதிதிராவிடரை ஏற்ற மறுக்கும் பேருந்துகளின் உரிமம் பறிக்கப்படும் என ஆணையிட்டவர் ஊ. பு. அ. சௌந்தரபாண்டியனார். 1929-இல் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. எந்த மாவட்டத்தில் நம்மவர் செருப்பணியத் தடை விதித்தார்களோ, அதே மாவட்டத்தில் நம்மவரைப் பேருந்தில் ஏற்றிய தலைவரின் பெயர், இன்று நாம் செருப்பு வாங்கும் கடைவீதிக்குச் சூட்டப்பட்டுள்ளது. இதனை அறிந்த இளைஞன் அத்தெருவில் தலைகுனிந்து நடப்பானா?

1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் பொதுச் சாலைகளையும் கிணறுகளையும் பொது இடங்களையும் அனைவரும் பயன்படுத்தலாம் என்னும் தீர்மானத்தைக் கொண்டுவந்து நிறைவேற்றியவர் நம் தலைவர் இரட்டைமலை சீனிவாசனார் என்பதையும் நினைவிற் கொள்க. தெருவில் நடக்கும் உரிமையே போராடிப் பெற்றதாயின், அத்தெருவில் நின்று பேரம் பேசும் உரிமையும் போராடிப் பெற்றதேயாகும்.

ஒரு பைசாவின் பெருமை

மயிலாப்பூரை அடுத்த இராயப்பேட்டையிலிருந்து 1907 சூன் 19-இல் ஒரு வார இதழ் வெளிவந்தது. அதன் பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. ஆசிரியர் பண்டிதர் அயோத்திதாசர். அந்நாளில் 4 பைசா ஓர் அணா. 16 அணா ஒரு ரூபாய். ஒரு ரூபாய்க்கு 64 இதழ் வாங்கலாம்! விலையையே பெயராக்கிக் கொண்ட அவ்விதழ் மறு ஆண்டு 'தமிழன்' எனப் பெயர் மாறிற்று. 1914-இல் பண்டிதர் மறையும்வரை அவருடைய சிந்தனைகளைத் தாங்கி வந்தது. மலிவு இழிவு எனப் பண்டிதர் எண்ணியிருப்பாராயின் தம் இதழின் நெற்றியில் ஒரு பைசா என்று பொறித்திருப்பாரா? ஏழையின் கைக்கு எட்ட வேண்டும் என்பதே அவர் நோக்கம். அடையாற்றில் கர்னல் ஆல்காட் 1894-இல் நம் பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளி தொடங்கியதும் இத்தகைய நோக்கத்தினாலேயே ஆகும்.

சிக்கனம் ஏழைக்கு மட்டும் உரியதுமன்று. 1904-இல் திருவல்லிக்கேணியில், படித்த நடுத்தர வகுப்பினர் கூடி, திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினர். இடைத்தரகரின் கொள்ளை இலாபத்தைத் தவிர்த்து, நல்ல பொருளை நியாய விலையில் பெறுவதே அதன் குறிக்கோள். அவர்களுக்கு வழிகாட்டியோர் யாவர்? 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் விற்கச் சிறு கடை திறந்த ஏழைத் தொழிலாளர்கள்! இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பங்கீட்டு முறை வந்தபோது சென்னையின் வழக்கறிஞர் வீட்டுக்கும் கூலியாள் வீட்டுக்கும் அளந்துதான் அரிசி கிடைத்தது. 1952-இல் இராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். 1967-இல் அண்ணா அரசு சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி வழங்கியது. 2011 முதல் அரிசி விலையின்றியே வழங்கப்படுகிறது. தமிழ்நாட்டில் இப்பங்கீடு ஏழையர்க்கென மட்டும் வரையறுக்கப்பட்டதன்று. விரும்பும் குடும்பம் எதுவும் அரிசி அட்டை பெறலாம். எனவே அந்த அரிசி பிச்சையன்று. குடிமக்கள் அனைவர்க்கும் பொதுவான உரிமையாகும்.

ஆயினும் சமுதாயம் இரண்டு படிகளை வைத்துக்கொண்டு அளக்கிறது. மாடவீதியில் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசும் பெரிய வீட்டம்மையார் குடும்பம் நடத்தத் தெரிந்தவர் எனப்படுகிறார். அதே கடையில் நம் தாய்மார் பேரம் பேசினால் அற்பம் எனப்படுகிறது. செல்வர் பழைய பொருளை வாங்கிச் சேர்த்தால் கலைச்சுவை. ஏழை வாங்கினால் இல்லாமை. இகழப்படுவது பொருளின் விலையன்று. அதனை வாங்கும் ஆளின் பிறப்பும் தெருவும் ஆகும். நம் இளைஞர்கள் இதனை உணர்ந்துவிட்டால், விலையுயர்ந்த பொருளை வாங்கி இவ்விகழ்ச்சியைத் துடைத்துவிடலாம் என்னும் மயக்கம் தீரும். பொன் அணிந்தாலும் அடித்தார்கள் என்பதை இராமநாதபுரம் நமக்குக் கற்பித்துவிட்டதே!

அண்ணலின் சிக்கனம்

அண்ணல் அம்பேத்கர் செம்மையான மேனாட்டு உடையில் காட்சியளிப்பதை நாம் அறிவோம். முழங்காலுக்குமேல் உடுத்துமாறு ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவர், முழுதும் உடுத்தி நின்றார். நல்லதை அணியும் உரிமையை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் அவர் எதில் சிக்கனம் செய்தார், எதற்காகச் செய்தார் என்பதையும் காண வேண்டும். 1913 முதல் 1916 வரை நியூயார்க்கில் பயின்றபோது உணவைக் குறைத்துக் காசு சேர்த்தார். அக்காசில் பழைய புத்தகக் கடைகளில் ஏறத்தாழ 2000 நூல்களை வாங்கினார். இலண்டனிலும் அரைவயிற்று உணவோடு நூலகத்தில் பகலெல்லாம் கழித்தார். பிறர் படித்துக் கழித்த நூலை வாங்குவதை அவர் இழுக்காகக் கருதவில்லை.

நம் நகரிலும் அத்தகைய இடங்கள் இருந்தன. 1900 முதல் 1985-இல் தீக்கிரையாகும்வரை மூர் மார்க்கெட் பழம்புத்தகங்களின் களஞ்சியமாக விளங்கிற்று. மயிலாப்பூர் லஸ் பகுதியின் நடைபாதைப் புத்தகக் கடைகளும் அவ்வாறே எண்ணற்ற மாணவர்க்குக் கைகொடுத்தன. நம் மூத்த உறுப்பினர்களுள் பலர், வேறொருவர் பெயர் எழுதப்பட்ட பாடநூலில் படித்தே பட்டம் பெற்றனர். அப்பெயரை அவர்கள் அடிக்கவுமில்லை, மறைக்கவுமில்லை. தம் பெயரை அதன்கீழ் எழுதிக்கொண்டனர்.

மலிவின் மறுபுறம்

உண்மையை முழுதும் கூறுவதே வரலாற்றின் அறம். மலிவு எல்லாம் நன்மை என நாம் வாதிடவில்லை. 1931-இல் கடற்கரை தாம்பரம் மின்சார இரயில் ஓடத் தொடங்கியபின், மாம்பலம் நிலையத்தை ஒட்டிய அரங்கநாதன் தெரு புறநகர் மக்கள் அனைவர்க்கும் எட்டும் சந்தையாக வளர்ந்தது. அங்கே விலை குறைந்து கிடைக்கும் பொருளின் பின்னே, நாள் முழுதும் நின்றபடி உழைக்கும் இளைஞரும் பெண்களும் உளர். அவர்களுள் நம்மவரும் பலர். 2010-இல் வசந்தபாலன் இயக்கிய 'அங்காடித் தெரு' திரைப்படம் அவர்தம் துயரை நாடறியச் செய்தது. 2021-இல்தான் கடைப் பணியாளர்க்கு இருக்கை தரவேண்டும் என்னும் திருத்தம் தமிழ்நாட்டில் சட்டமாயிற்று. உட்காருவதற்கும் ஒரு சட்டம் தேவைப்பட்டது! எனவே விலையில் பேரம் பேசும்போது, எதிரே நிற்பவர் அமர நாற்காலி உண்டா என்றும் நாம் கேட்க வேண்டும். பாண்டி பசார் நடைபாதையில் விற்றவர்கள் 2013-இல் மாநகராட்சி கட்டிய வளாகத்துக்கு மாற்றப்பட்டார்கள். நடைபாதையில் நின்றவரோடு பேசிய பேரத்தில் அவருடைய அன்றாடக் கஞ்சியும் அடங்கியிருந்தது என்பதை மறத்தலாகாது.

நாம் செய்ய வேண்டுவன

இளைஞர்களே! நல்லதை வாங்க வசதி இருப்பின் அஞ்சாது வாங்குங்கள். அவ்வுரிமைக்காக நம் முன்னோர் தம் குடிசைகளைத் தீக்குக் கொடுத்தனர். வசதி இல்லையெனில் மலிவானதை வாங்குங்கள், பையை மறைக்காதீர்கள். பிறர் வியக்கவேண்டிக் கடன்பட்டு வாங்குவதை மட்டும் அறவே விலக்குங்கள். தவணைக்காகப் படிப்பை நிறுத்திய அம்மாணவரை மீண்டும் கல்லூரிக்கு அனுப்புவது நம் சங்கத்தின் பொறுப்பு. உங்களிடம் உள்ள பழைய பாடநூல்களை, உங்கள் பெயரோடு, சங்க நூலகத்தில் சேர்த்துவிடுங்கள். நமக்குள்ளேயே ஒருவர் உடையை மற்றவர் ஏளனம் செய்யும் தீய வழக்கமும் இன்றோடு ஒழிதல் வேண்டும். பிறர் நம்மை அளந்த படியால் நாம் ஒருவரை ஒருவர் அளப்பது, அவர்தம் வேலையை நாமே முடித்துக் கொடுப்பதாகும்.

இராயப்பேட்டையிலிருந்து ஒரு பைசாவுக்கு வந்த தாளைப் படித்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். அதன் விலை குறைவு என்பதற்காக அவர்கள் அதனை மடித்து மறைக்கவில்லை, விரித்துப் படித்தார்கள்.