கல்லாப் பெட்டியின் வாரிசு

கணினி முதலில் வந்தது, அதிலிருந்து வீடியோ கேம் பிறந்தது என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் கதை. கல்கத்தாவை வைத்துப் பார்த்தால் இது இடிக்கிறது. இந்தியாவின் முதல் டிஜிட்டல் கணினியான எச்.ஈ.சி-2எம், 1955-ல் அந்த ஊருக்குத்தான் வந்தது. மகலனோபிஸ் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகம் அதை 2 லட்ச ரூபாய் கொடுத்து பிரிட்டனிலிருந்து வாங்கியது. காசு அச்சடிக்கும் அலிப்பூர் நாணயச் சாலையும் ஊருக்குள்ளேயே இருந்தது. இருந்தும் அங்கே வீடியோ கேம் பிறக்கவில்லை. இல்லாதது தொலைக்காட்சி ஒன்றுதான். அது 1975 ஆகஸ்ட் 9-ல் வந்தது, சென்னைக்கு ஆறே நாள் முன்னதாக. என் கட்சி இதுதான்: காசு போட்டு ஆடும் வீடியோ கேம், கணினிக்குப் பிறந்த பிள்ளை அல்ல, தொலைக்காட்சிப் பெட்டியும் உண்டியல் வியாபாரமும் சேர்ந்து பெற்றது.

1962-ல் எம்.ஐ.டி.யில் பி.டி.பி-1 கணினிக்காக எழுதப்பட்ட 'ஸ்பேஸ்வார்' எங்கே போயிற்று என்று கேட்கலாம். ஆட்டத்தின் யோசனை அங்கிருந்து வந்தது, மறுக்கவில்லை. ஆனால் அதைக் கடைத்தெருவுக்குக் கொண்டுவந்தபோது என்ன ஆயிற்று? 1971-ல் ஸ்டான்ஃபோர்டில் பில் பிட்ஸும் ஹ்யூ டக்கும் நிஜக் கணினி ஒன்றை வைத்தே 'கேலக்ஸி கேம்' செய்தார்கள். செலவு சுமார் 20,000 டாலர், ஓர் ஆட்டத்துக்கு 10 சென்ட். முதலை எடுக்கவே இரண்டு லட்சம் ஆட்டம் நடக்க வேண்டும்! அதே ஆண்டில் நோலன் புஷ்னெலும் டெட் டாப்னியும் கணினியைத் தூக்கிப் போட்டுவிட்டு, வெறும் மின்சுற்றுகளையும் டி.வி. பெட்டியையும் கொண்டு 'கம்ப்யூட்டர் ஸ்பேஸ்' செய்தார்கள். பெயரில் மட்டும்தான் கம்ப்யூட்டர். புஷ்னெல் மாணவப் பருவத்தில் யூட்டாவின் லகூன் கேளிக்கைப் பூங்காவில் விளையாட்டுக் கடைகளில் வேலை பார்த்தவர். எத்தனை சில்லறைக்கு எத்தனை நிமிட ஆட்டம் கொடுத்தால் கட்டும் என்பது அவருக்கு அத்துபடி. அடுத்த ஆண்டு அவர்களிடம் வேலை பார்த்த ஆல் ஆல்கார்ன் கட்டிய 'பாங்' ஆட்ட இயந்திரம் சன்னிவேலின் மதுக்கடை ஒன்றில் வைக்கப்பட்டது. சில நாளில் இயந்திரம் மக்கர் செய்ய, திறந்து பார்த்தால் உண்டியல் காசால் நிரம்பி வழிந்திருந்தது.

ஏழை நாட்டில் இதற்கெல்லாம் யார் காசு போடுவார்கள் என்ற வாதமும் நிற்காது. ஹவுரா முதலிய ரயில் நிலையங்களின் எடை இயந்திரத்தை நினைத்துப் பாருங்கள். ஏறி நின்று காசு போட்டால் வண்ண விளக்குகள் மின்னும், சக்கரம் சுழன்று நிற்கும், அட்டை ஒன்று விழும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் ஜோசியப் பலனோ சினிமா நட்சத்திரமோ. எடை தெரிந்துகொள்ளவா அத்தனை பேர் ஏறினார்கள்? அந்தச் சில நொடி வேடிக்கைக்குத்தான் காசு.

தொலைக்காட்சி வந்தபிறகும் உடனே விளையாட்டு வரவில்லையே என்றால், அது நியாயமான கேள்வி. டி.வி. பெட்டி வைத்திருக்கவே உரிமக் கட்டணம் கட்டிய காலம் அது. மின்னணுச் சாமான்களை இறக்குமதி செய்வதும் லேசில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, எழுபதுகளின் கல்கத்தாவில் 'லோடுஷெடிங்' என்ற மின்வெட்டு அன்றாடப் பேச்சு. பாங்குக்கு நிரலும் கிடையாது, எதையும் சேமித்துவைக்கும் நினைவகமும் கிடையாது. நடு ஆட்டத்தில் மின்சாரம் போனால் புள்ளிகள் அழிந்துவிடும். போட்ட காசு மட்டும் உண்டியலில் பத்திரமாக இருக்கும்.