வாஸன் தேவாலயமும் கொத்தார்டு சுரங்கமும்

சுவிட்சர்லாந்தின் லூசர்ன் ஏரிக்கரையை ஒட்டி வரும் தொடர்வண்டி, ஃப்ளூயெலனில் நீரைப் பிரிந்து ராய்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஏறத் தொடங்குகின்றது. வாஸன் என்னும் சிற்றூரின் வெண்ணிறத் தேவாலயம் முதலில் நம் தலைக்கு மேலே தெரிகின்றது, பின்னர் எதிரே, இறுதியில் காலடியில். மலைக்குள் சுருண்டு சுருண்டு ஏறும் இருப்புப்பாதை செய்யும் மாயம் அது. பயண நூல்கள் இதனை வியந்து எழுதுகின்றன. வியக்கத்தக்கதுதான்.

ஆயினும், நம்மை நிற்க வைப்பது அதற்கப்பால் உள்ள கோஷனன். அங்கிருந்து அயிரோலோ வரை 15 கி.மீ. சுரங்கத்தை 1872இல் குடையத் தொடங்கினர். ஒப்பந்தம் எடுத்த லூயி ஃபாவர், எட்டாண்டில் முடிப்பதாகவும் தவறினால் தண்டம் இறுப்பதாகவும் ஒப்பியிருந்தார். அந்த அவசரத்தைச் சுமந்தோர் தொழிலாளர், பெரும்பாலும் இத்தாலியர். உள்ளே கடும் வெக்கை, வெடிப்புகை, தேங்கிய நீர்; கொக்கிப்புழு நோய் பலரை வெளிற வைத்தது. 1875இல் வேலைநிறுத்தம் செய்தோர்மீது துப்பாக்கிச்சூடு நடந்தது; நால்வர் மாண்டனர். பயண நூல்களில் இந்த நால்வருக்கு ஒரு வரியேனும் தந்திருக்கலாம்!

ஃபாவரும் 1879இல் அச்சுரங்கத்துக்குள்ளேயே உயிர்நீத்தார். மறு ஆண்டு பிப்ரவரியில் இருபுறக் குடைவும் சந்தித்தபோது, துளைவழியே முதலில் கடந்தது அவரது படமே. 1882இல் பாதை திறக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே சிற்பி வின்சென்சோ வேலா, இறந்த தோழனைச் சுமந்து வரும் சுரங்கத் தொழிலாளரைப் புடைப்புச் சிற்பமாக வடித்தார். அதன் வெண்கல வார்ப்பு அயிரோலோ நிலையத்தருகே உள்ளது.

2016 முதல் விரைவு வண்டிகள் அடியாழத்தில் 57 கி.மீ. புதுச் சுரங்கம் வழியே போகின்றன. வாஸனையும் அயிரோலோவையும் காண விழைவோர் பழைய மலைப்பாதை வண்டியிலேயே ஏறுதல் வேண்டும்.