எட்டு ரப்பர் வளையங்கள்

பழைய கார் ஒன்றை ஓட்டிப் பார்க்கிறவர் அதன் முதுமையைக் கண்ணால் அறிவதற்கு முன் காதால் அறிகிறார். பிரேக்கை மிதித்ததும் முன்சக்கரத்தின் பக்கமிருந்து 'டொக்' என்றோர் ஓசை எழுகிறது. நேர்சாலையிலும் வண்டி சற்றே அலைகிறது. டயரின் ஓரம் மட்டும் தேய்கிறது. எஞ்சின் நன்றாகத்தான் இருக்கும், வண்ணப்பூச்சும் பளபளக்கும். குற்றவாளி பெரும்பாலும் கையில் அடங்கும் கறுப்பு ரப்பர் வளையமே. பட்டறை மொழியில் அதற்குப் 'புஷ்' என்று பெயர்.

நாம் எடுத்துக்கொள்வது எம்.ஜி.பி. என்னும் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை. (எம்.ஜி. என்ற எழுத்துகளைக் கேட்டதும் நம் மனத்தில் வேறொருவர் உருவம் எழுவது இயல்பு. இங்கே அவை ஆக்ஸ்ஃபர்டின் மோரிஸ் கராஜஸ் என்ற நிறுவனத்தைக் குறிக்கும்.) ஆபிங்டன் நகரில் 1962 முதல் 1980 வரை ஐந்து இலட்சத்துக்கும் மேல் கட்டப்பட்ட வண்டி அது. 1962இல் புதியதாக வந்ததே தவிர, அதன் முன்சக்கரத் தொங்கமைப்பு புதியதன்று. பின்னாளில் 'மினி' காரால் புகழ்பெற்ற அலெக் இஸிகோனிஸும் அவருடன் பணியாற்றிய ஜாக் டேனியல்ஸும் இரண்டாம் உலகப்போருக்கு முன்பே வரைந்தது. போர் குறுக்கிட்டதால் 1947இல்தான் 'ஒய்' வகை எம்.ஜி. காரில் அது சாலைக்கு வந்தது. பிறகு 1950இன் டி.டி., 1955இன் எம்.ஜி.ஏ., 1962இன் எம்.ஜி.பி. என்று உடல் மாறி உடல் மாறித் தொடர்ந்தது. ஒரு குடும்பக் காருக்காகப் போட்ட கோடு முப்பதாண்டுக்கு மேல் ஸ்போர்ட்ஸ் கார்களைத் தாங்கி நின்றது வியப்புத்தான்.

அமைப்பு எளியது. சக்கரத்தின் மேற்புறத்தைப் பிடிக்கும் கரம், அதிர்வைத் தணிக்கும் டேம்பரின் நெம்புகோலே. ஒரே உறுப்புக்கு இரண்டு வேலை. கீழ்ப்புறத்தில் 'விஷ்போன்' எனப்படும் இரு எஃகுக் கரங்கள், அவற்றிடையே சுருள்வில்லைத் தாங்கும் தட்டு. இக்கரங்களின் உள்முனைக் கண்களில்தான் புஷ்கள் அமர்கின்றன. கண்ணுக்கு இரண்டு, பக்கத்துக்கு நான்கு, வண்டிக்கு எட்டு.

இந்தப் புஷ் சுழல்வதில்லை என்பதைப் பலர் அறிவதில்லை. சக்கரம் ஏறி இறங்கும்போது எஃகு எஃகின்மேல் உராய்ந்தால் கிரீஸ் வேண்டும். கிரீஸ் வற்றினால் தேய்மானம். ரப்பரோ தன் உடம்பையே முறுக்கிக்கொண்டு அசைவுக்கு இடம் தருகிறது, பிறகு தன் நிலைக்கு மீள்கிறது. ஆயிரமாயிரம் முறை முறுக்கி மீளும் அந்த உழைப்பில் இயற்கை ரப்பருக்கு நிகரானது அரிது. ஆனால் எண்ணெய் பட்டால் அது ஊதிக் கூழாகிறது, ஓசோன் பட்டால் வெடிக்கிறது. எஞ்சினிலிருந்து எண்ணெய் கசியாத பழைய பிரிட்டிஷ் காரைக் காண்பது எளிதன்று என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

கார்களின் வரலாற்றை எழுதுவோர் இஸிகோனிஸின் கோட்டோவியத்தோடு நின்றுவிடுகிறார்கள். ரப்பர் எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை இலண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. அவற்றில் பெரும்பாலானவை அதே ஆண்டில் இலங்கைக்குச் சென்றன; 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. 1888இல் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் நாள்தோறும் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்தார். அவ்வாறு சீவியவர்களில் பலர் தமிழர். கங்காணிகளால் திரட்டப்பட்டுக் கப்பலேறியவர்கள். இந்திய அரசு 1938இல் அந்த ஆட்சேர்ப்பை நிறுத்தும்வரை அது தொடர்ந்தது. எம்.ஜி.பி. வெளிவந்த ஆண்டில் உலகில் மிகுதியாக இயற்கை ரப்பர் விளைவித்த நாடு மலாயா. விடியுமுன் பால்மரத்தடியில் நின்று சீவிய கைகளுக்கும் ஆபிங்டனுக்கும் இடையே உள்ள தொலைவு நாம் நினைப்பதைவிடக் குறைவு. எந்தப் புஷ்ஷில் எந்தத் தோட்டத்துப் பால் என்று எவராலும் சொல்ல முடியாது. அகிலன் 'பால்மரக் காட்டினிலே' எழுதினார். அந்தக் காட்டுப் பால் எங்கே போய்ச் சேர்ந்தது என்ற கதையின் மறுபாதி இன்னும் தமிழில் எழுதப்படவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது.

தேய்ந்த புஷ்ஷை மாற்ற முனைகிறவர் இன்று மூன்று வழிகளின் முன் நிற்கிறார். முதலாவது, பழைய மாதிரி எட்டு ரப்பர்கள். இரண்டாவது, 1973 முதல் 1976 வரை 2,591 மட்டுமே கட்டப்பட்ட எம்.ஜி.பி. ஜி.டி. வி8 காரின் புஷ். இது நடுவே எஃகுக் குழல் வைத்த ஒரே துண்டு. கண்ணுக்கு ஒன்று, மொத்தம் நான்கு போதும். எளிய எம்.ஜி.பி.யிலும் பொருந்துவதால் பலர் இதையே நாடுகிறார்கள். நம் தீர்ப்பும் இதற்கே. ஆபிங்டனே செய்த திருத்தத்தை அசலுக்குத் துரோகம் என்பது மிகை. மூன்றாவது பாலியூரித்தேன். எண்ணெய்க்கு அஞ்சாது, நெடுநாள் உழைக்கும். ஆனால் விறைப்பானது, சாலையின் ஒவ்வொரு கல்லையும் ஓட்டுநரின் மணிக்கட்டுக்குச் சொல்லும், சில வேளை கீச்சிடவும் செய்யும். 1974இன் பிற்பகுதியில் அமெரிக்கச் சட்டத்துக்காக எம்.ஜி.பி.க்கு மாட்டிய கறுப்பு முகப்பை எல்லோரும் 'ரப்பர் பம்பர்' என்று திட்டினார்கள். அதன் மேற்புறம் ரப்பரே அன்று, பாலியூரித்தேன் வகைதான். அன்று பழித்த பொருளை இன்று விலைகொடுத்து வாங்கி வண்டியின் அடியில் பூட்டுகிறார்கள்.

மாற்றும் வேலையில் அஞ்சவேண்டியது சுருள்வில் ஒன்றுக்கே. வண்டியை உறுதியான தாங்கிகளில் நிறுத்தி, வில்லின் தட்டுக்குக் கீழே ஜாக்கியைக் கொடுத்து, மெல்ல மெல்ல இறக்க வேண்டும். அவசரப்பட்டு அவிழ்த்தால் வில் ஆளையே அடித்துவிடும். புதிய புஷ்ஷைக் கண்ணில் ஏற்றச் சோப்புத் தண்ணீர் போதும். கிரீஸ் தடவுவது ரப்பருக்கு நஞ்சூட்டுவதற்குச் சமம்.

இங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கும்போதே நட்டை இறுக்கிவிடுகிறார்கள். வண்டி தரையிறங்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிய நிலையில் நிற்கிறது, சீக்கிரமே கிழிகிறது. பிறகு பொருள் மட்டம் என்று ரப்பரின்மேல் பழி. நட்டைத் தளர்வாக விட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னும் சற்றே உருட்டி, முழு எடையும் சக்கரங்களின்மேல் நிற்கும்போதுதான் இறுக்க வேண்டும். பிறகு காட்டர் பின்னை நுழைத்து அதன் கால்களை விரித்துவிடலாம். அடுத்த பக்கத்துக் கரங்கள் காத்திருக்கின்றன.