பெருநாடிச் சிகிச்சையின் பின்விளைவுகள்

மானிப்பாயில் 1848 ஆம் ஆண்டு தொட்டு வைத்தியம் புரிந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்கர், மேனாட்டு வைத்தியம் தமிழரிடையே வேரூன்ற வேண்டுமாயின் அது தமிழிலேயே கற்பிக்கப்படல் வேண்டும் எனத் துணிந்தார். 1864 இல் தமிழில் வகுப்பு நடத்தத் தொடங்கினார். 1867 இல் 'இரண வைத்தியம்' என்னும் சத்திரசிகிச்சை நூல் தமிழில் வெளிவந்தது.

அக்காலத்தில் பெருநாடி வீக்கம் உலகெங்கணும் தீராநோயாகவே இருந்தது. இதயத்தினின்று புறப்பட்டு நெஞ்சையும் வயிற்றையும் கடந்து செல்லும் அக்குழாய் சுவர் தளர்ந்து ஊதிப் பருக்கும். வெடித்தாற் பிழைப்போர் அரியர். 1817 இல் இலண்டனில் அஸ்ரலி கூப்பர் பெருநாடியையே நூலாற் கட்டினார். நோயாளி இரண்டு நாளும் தாங்கவில்லை. 1948 இல் விஞ்ஞானி ஐன்ஸ்டீனின் பெருநாடியைச் செலோபேன் தாளாற் சுற்றினர்; ஆறாண்டுக்குச் சற்று மேலாகக் கழிந்து அது வெடித்தே அவர் இறந்தார்.

1951 இல் பாரிஸ் நகரத்துச் சார்ள் டியூபோ, வீங்கிய பகுதியை அகற்றி இறந்தவரொருவரின் நாடியைப் பொருத்தினார். அமெரிக்காவின் டிபேக்கி, மனைவியின் தையற்பொறியிற் செயற்கைச் சீலையைக் குழாயாகத் தைத்தார் என்பது சுவையான செய்தி. ஆயின் 1953 இலேயே இலண்டன் வைத்தியர் பிறொக் ஓர் அபாயத்தை எடுத்துக்காட்டினார்: பொருத்திய நாடி சிறுகுடலோடு ஒட்டி, அதனுள் வழி திறந்துவிட்டது.

வயிற்றைக் கீறாமல், தொடையடி நாடி வழியே ஸ்டென்ட் குழாயைச் செலுத்தும் முறையைக் கார்க்கோவில் வொலோடொஸ் 1980களிலும், புவனஸ் அயர்சில் பரோடி 1990 இலும் கையாண்டனர். நோயாளி சில நாளில் வீடு திரும்புகிறார். எனினும் வீங்கிய பை உள்ளேயே இருக்கிறது. அதனாலேயே ஆண்டுதோறும் ஸ்கான் பரிசோதனை வேண்டப்படுகிறது. குழாயின் விளிம்பிற் குருதி கசிந்து பை மீண்டும் பருத்தால் நோயாளி அதனை உணரமாட்டார்.

அரிய கேடுகள் வேறு. நெஞ்சுப் பகுதியிற் குழாய் வைத்தால் முள்ளந்தண்டு வடத்துக்குச் செல்லும் குருதி குறைந்து கால்கள் சோரலாம். இது சில நாள் கழித்தும் தோன்றும். உடனே கண்டால் மீட்க வழியுண்டு. கால் குளிர்ந்து வெளிறி நோவெடுத்தால் குழாயின் கிளை அடைபட்டிருக்கலாம். மாதங்கள், ஆண்டுகள் சென்றபின் விடாது காயும் காய்ச்சல், உடல் மெலிவு, முதுகு நோவு ஆகியன குழாயிற் கிருமி பற்றியதைக் குறிக்கக்கூடும்.

எல்லாவற்றினும் ஏமாற்றுவது, பிறொக் கண்ட அந்தக் குடல்வழியே. முதலிற் சிறிதளவு இரத்த வாந்தி, அல்லது கரிய மலம். பின்னர் தானே நின்றுவிடும். வீட்டார் ஆறுதலடைவர், வைத்தியரும் குடற்புண் என எண்ணக்கூடும். சில மணி நேரத்திலோ சில நாளிலோ பெருக்கெடுப்பது அடுத்த குருதி.

இங்கேதான் கிறீனின் துணிபு நினைவுக்கு வருகிறது. கொழும்பிற் சிகிச்சை பெற்றுப் பருத்தித்துறைக்கோ ஊர்காவற்றுறைக்கோ திரும்பிய முதியவரின் வைத்தியசாலை அட்டை ஆங்கிலத்தில் இருக்கும். அது அலுமாரிக்குள் உறங்கும். இரவில் வாந்தியெடுத்தவரை அருகிலுள்ள வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லும் மகளோ மருமகனோ, "ஐயாவுக்குப் பெருநாடியிற் குழாய் வைத்திருக்கிறது" என்று சொன்னாற் போதும். பணியிலிருக்கும் வைத்தியர் குடற்புண் மருந்தோடு நிறுத்தாமல், அவரை உடனே ஸ்கானுக்கு அனுப்புவார்.